முறையான வலி

ஆக்ஸ்வெல் மெட்ரிகுலேசன் பள்ளியில் வலி வருவதற்குத் தடை இல்லை. அதை எந்தச் சொல்லால் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் நிர்வாகம் கண்டிப்பாக இருந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகிற சாலையில், வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த இடத்தில் பள்ளி இருந்தது. வாசலில் இழுத்து மூடும் இரும்புக் கேட். அந்தக் கேட் ஓடுவதற்குத் தரையில் பதித்த தண்டவாளம்தான் எல்லை. அதற்கு உள்பக்கம் ஆங்கிலம் மட்டும். காவலாளி இசக்கியப்பனுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் உள்ளே இருக்கும் நேரத்தில் அவர் பேசக் கூடாது என்று உத்தரவு. யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தண்டவாளத்தைத் தாண்டிச் சாலைக்கு வந்து சொல்லிவிட்டு, மறுபடி உள்ளே போய் ஊமையாகிவிடுவார். ஒருமுறை வளாகத்துக்குள் பாம்பைப் பார்த்தபோதும் அப்படித்தான் செய்தார். அவர் வெளியே வந்து சொல்லி முடிப்பதற்குள் பாம்பு நூலகத்துக்குள் போய்விட்டது. அவருடைய ஒழுங்கைப் பாராட்டி அந்த ஆண்டு விழாவில் நிர்வாகம் அவருக்குச் சால்வை போர்த்தியது.

பாக்கியவதி தன் மகள் ஆன்லினை இந்தப் பள்ளியில் சேர்த்ததற்கு அந்தக் கண்டிப்பே காரணம். அவள் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் தொழிலாளி ஒருவரின் மகள். தமிழ் வழியில் படித்து, முதல் வகுப்பில் தேறி, ஒரு வேலைக்கான நேர்காணலில் உன்னைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டு எழுந்து வந்தவள். இப்போது முருகன்குறிச்சியில் ஒரு கூரியர் அலுவலகத்தில் வேலை. ஆன்லினைச் சேர்க்கும் நாளில் நடந்த நேர்காணலில் எல்லாக் கேள்விகளுக்கும் "எஸ் சார்" என்றாள். குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டதற்கும் அதைத்தான் சொன்னாள். எப்படியோ இடம் கிடைத்தது.

அன்றிலிருந்து வீட்டில் சொற்களை மாற்றினாள். கணவன் ஜாபேஸ் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பான். அதனால் எதிர்ப்பு இல்லை. சோறு ரைஸ் ஆனது. தண்ணீர் வாட்டர் ஆனது. வயிறு டமி ஆனது. கைப்பேசியில் வரும் குழந்தைப் பாட்டில் ஒரு மஞ்சள் கரடி தன் வயிற்றைத் தட்டிக்கொண்டு டமி, டமி என்று ஆடும். அதைப் பார்த்துத் தாயும் மகளும் சேர்ந்து வயிற்றைத் தட்டிக்கொண்டு ஆடினார்கள். வயிறு என்ற சொல்லைக் காட்டிலும் அது வெள்ளையாக, சோப்புப் போட்டுக் கழுவியதுபோல இருந்தது பாக்கியவதிக்கு.

இரண்டாம் வகுப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆன்லின் கையைத் தூக்கி, தனக்கு டமி வலிக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கூரியர் அலுவலகத்தில் பாக்கியவதியின் கைப்பேசி ஒலித்தது. உங்கள் வார்டு ஆன்லின் ஒரு வார்த்தை பேசியிருக்கிறாள், உடனே வரவும் என்றது பள்ளியிலிருந்து வந்த குரல்.

ஆட்டோவில் போகும்போது பாக்கியவதி அந்த வார்த்தை எதுவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனாள். வேன் ஓட்டும்போது குறுக்கே வருகிறவர்களை ஜாபேஸ் திட்டும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அதில் எதைச் சொல்லியிருந்தாலும் பள்ளியைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றியது. ஒன்றைமட்டும் சொல்லியிருந்தால் தன்னையும் சேர்த்து ஊரைவிட்டே அனுப்புவார்கள்.

கேட்டருகே அவளைப் பார்த்ததும் இசக்கியப்பன் தண்டவாளத்தைத் தாண்டி வெளியே வந்தார்.

"எம்மா, பிள்ள சுருண்டு போய்க் கெடக்கு. பைய நடக்காதீங்க, வெரசாப் போங்க."

"என்ன வார்த்த சொன்னா அண்ணாச்சி?"

"வார்த்தயா? அதெல்லாம் எனக்கென்ன தெரியும். மூஞ்சி வெளிறிப் போயிருக்கு, அதான் தெரியும்."

சொல்லிவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு கையை மட்டும் நீட்டிச் சிக் ரூம் இருக்கும் திசையைக் காட்டினார்.

சிக் ரூம் அழகான அறை. குளிர்சாதனம் உண்டு. கட்டிலில் விரித்த வெள்ளை விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. சரியான சொல்லோடு வருகிறவர்களை மட்டுமே உள்ளே விடுவதால் அது சுருங்கச் சந்தர்ப்பம் குறைவு. சுவரில் ஒரு வெள்ளைக்காரப் பையனின் படம், அவன் உடம்பில் ஒவ்வொரு பகுதிக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர். ஆன்லின் அந்த அறைக்கு வெளியே, நடைவழிச் சிமெண்டுப் பலகையில் முழங்காலை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள். தலைக்கடியில் யாருடையதோ ஒரு சாப்பாட்டுப் பை.

பை ருக்சானாவுடையது. அந்த அறைக்குப் பொறுப்பான இளம்பெண். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நோயை உரிய பெயரில் சொல்லாததால் சேர்க்க இயலவில்லை என்று அவள் கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். பிள்ளை சொன்ன சொல் எது என்று பாக்கியவதி கேட்டாள். டமி என்றாள் ருக்சானா.

அந்த நேரத்தில் பாக்கியவதிக்குள் நடந்தவை ஒரு வரிசையில் நடந்தன. முதலில் வந்தது நிம்மதி. ஜாபேஸின் சொல் எதுவும் இல்லை. இரண்டாவதாக வந்தது வெட்கம். அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவள். தான் வெள்ளை என்று நினைத்ததும் அழுக்குதான் போலிருக்கிறது. மூன்றாவதாகத்தான் பிள்ளையைப் பார்த்தாள்.

பிள்ளையின் நெற்றியில் கை வைப்பதற்குள், மொழித் தூய்மைக் குழு கூடிவிட்டது என்று அழைப்பு வந்தது.

குழுவில் மூன்று பேர். தாளாளர் தேவசிகாமணி, முதல்வர் திருமதி வேதமுத்து, ஆங்கிலத் துறைத் தலைவர் அம்புரோஸ். முதலில் ஜெபம் செய்தார்கள். பிறகு திருமதி வேதமுத்து வரவேற்புரை கூறினார். அறையில் இருந்த நால்வரில் பாக்கியவதியைத் தவிர மற்ற மூவரையும் பெயர் சொல்லி வரவேற்றார், தன்னையும் சேர்த்து. பிறகு அம்புரோஸ் எழுந்தார். அவருக்கு முன்னால் பழைய அகராதி ஒன்று இருந்தது. பழைய மிஷனரி வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்ததாம். அவர் அதைத் திறக்காமல், கையை மட்டும் அதன்மேல் வைத்துக்கொண்டு பேசினார். பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்.

"இந்தக் குழந்தை வேண்டுமென்று செய்தாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டமி என்பது ஒரு செல்லப்பெயர். செல்லப்பெயர் வைத்த உறுப்புக்குச் செல்ல வலிதான் வரும். அந்த வலியோடு ஒரு குழந்தை வந்தால் நாம் என்ன செய்வது? கொஞ்சலாம். சிகிச்சை கொடுக்க முடியாது."

தாளாளர் தலையசைத்தார். அப்படியானால் ஸ்டமக் என்று சொல்லியிருக்கலாமே என்றார்.

"முடியாது சார். ஸ்டமக் என்பது உள்ளே இருக்கும் பை. அந்தப் பையை இந்தக் குழந்தை பார்த்திருக்கிறாளா? குடலும் ஈரலும் வேறெல்லாமும் இருக்கும் இடத்தில், வலிப்பது இன்னதுதான் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை சொன்னால் அது நோயறிதல். மருத்துவர் வேலையை மாணவி செய்வதாகும்."

பெல்லி என்ற சொல்லை அவரே எடுத்து அவரே தள்ளினார். அது ஒருவகை நடனத்தோடு சேர்ந்து கெட்டுப்போன சொல், நம் பள்ளிப் பெண்பிள்ளைகளின் வாயில் வரக் கூடாது என்றார். அப்போது தாளாளர் தயக்கத்தோடு, குடலுக்குக் கட் என்று இன்னொரு சொல் உண்டல்லவா என்று கேட்டார். அம்புரோஸ் கண்ணை மூடிக்கொண்டு, பெண்கள் இருக்கும் இடத்தில் வேண்டாம் சார் என்றார். தாளாளர் மன்னிப்புக் கேட்டார். திருமதி வேதமுத்து பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

"மிஞ்சுவது அப்டமன்," என்றார் அம்புரோஸ். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. "அது உறுப்பு அல்ல. ஒரு பிரதேசம். விலா எலும்புக்குக் கீழே தொடங்கி இடுப்பில் முடிகிறது. அங்கே வலிக்கிறது என்று சொல்கிறவர் எதையும் உரிமை கொண்டாடுவதில்லை, யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. நாகரிகமான வலி."

பாக்கியவதி அவர் சொன்னதில் பாதியைப் புரிந்துகொண்டாள். அந்தப் பாதியே அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது. ஒரு வயிற்றுக்குள் இத்தனை சொற்கள் இருப்பது தெரியாமல் இத்தனை ஆண்டுகள் சாப்பிட்டு வந்திருக்கிறோமே என்று நினைத்தாள். கதவின் கண்ணாடி வழியாக நடைவழியின் ஓரம் தெரிந்தது. ஆன்லினின் ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. வெள்ளைக் காலுறை அணிந்த அந்தப் பாதம் பலகையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று திருமதி வேதமுத்து விசாரித்தார். பாக்கியவதி எழுந்து நின்று, "ஹவுஸ் மேம். ரைம்ஸ் மேம். மீ," என்றாள். ஒரு பெற்றோர் இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்வது அரிது என்று குழு பாராட்டியது. அவளுக்குக் கண் கலங்கியது. யாரும் தன்னை ஆங்கிலத்தில் பாராட்டியதில்லை.

அந்த நெகிழ்ச்சியில் தாளாளருக்குத் தன் தகப்பனார் நினைவுக்கு வந்தார்.

"என் தகப்பனார் ராதாபுரம் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டிலிருந்து வந்தவர். பனை ஏறுகிற குடும்பம். இந்தப் பள்ளியைக் கட்டினார். கடைசிக் காலத்தில் அவருக்கு நெஞ்சில் வந்தது. மருத்துவரிடம் பெயின் என்று அவர் சொல்லவில்லை. பெயின் என்பது கூலிக்காரன் சொல் என்பார். டிஸ்கம்ஃபர்ட் என்றார். மருத்துவர் ஜீரணத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்தும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி மூச்சுவரை அந்த வாயிலிருந்து பெயின் என்ற சொல் வரவில்லை. மறுநாள் அடக்கம் செய்தோம். அந்த மனிதர் போட்ட அஸ்திவாரத்தில் நாம் நிற்கிறோம்."

மூவரும் சிறிது நேரம் தலைகுனிந்திருந்தார்கள். பாக்கியவதியும் குனிந்தாள்.

பிறகு அவள், பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டாள். தாராளமாகப் போகலாம் என்றார் திருமதி வேதமுத்து. கேட்டைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும், சீட்டில் காரணம் எழுத வேண்டும், காரணத்தை மாணவி தன் வாயால் முறையான சொல்லில் சொல்ல வேண்டும். டமி என்று எழுதித் தாளாளரிடம் கையெழுத்துக்கு எப்படி நீட்டுவது? கேட்டுக்கொண்டிருந்த தாளாளர், நான் போட மாட்டேன் என்று வருத்தத்துடன் உறுதி செய்தார்.

பாக்கியவதியை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். கதவு பூட்டியிருக்கவில்லை. பிள்ளை கனமில்லை, பார்சல் மூட்டைகளைத் தூக்கிப் பழகிய கைகள் அவளுடையவை. இசக்கியப்பன் தடுத்திருக்க மாட்டார். எழுந்து போய் அந்தப் பாதத்தைப் பிடித்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டியிருந்தால், சாலையில் ஆட்டோ நின்றிருக்கும். அவள் மனம் அதுவரை போய்த் திரும்பி வந்தது. திரும்பி வரும்போது தன் பழைய நேர்காணல் அறையையும் கூட்டிக்கொண்டு வந்தது. அங்கிருந்து அவள் ஒருமுறை எழுந்து வந்திருக்கிறாள். எழுந்து வந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே உட்கார்ந்திருந்தாள்.

குழு இரக்கம் காட்டியது. தாயே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். சரியாகச் சொன்னதும் சிக் ரூம் திறக்கப்படும். மதிய அசெம்பிளியில் ஆன்லின் சாட்சி சொல்ல வேண்டும் என்றும் தீர்மானமானது. ஜெபக் கூட்டங்களில் குடியை விட்டவர்களும் நோய் நீங்கியவர்களும் எழுந்து நின்று முன்பு எப்படி இருந்தோம், இப்போது எப்படி ஆனோம் என்று சாட்சி சொல்வது உண்டு. ஆக்ஸ்வெல் அந்த வழக்கத்தை மொழிக்கும் கொண்டுவந்திருந்தது. போன வாரம் ஒரு பையன், முன்பு நான் நல்லா என்று சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது வெரி வெல் என்கிறேன் என்று சாட்சி சொல்லியிருந்தான்.

பாக்கியவதி சிமெண்டுப் பலகையின் அருகே மண்டியிட்டாள்.

"அப்," என்றாள்.

ஆன்லின் கண்ணைத் திறந்தாள்.

"அப். டமன். சொல்லு ராசாத்தி. ஒரே வார்த்ததான். சொன்னா உள்ள போய்ப் படுத்துக்கிடலாம், ஏசி இருக்கு."

பிள்ளை வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. காலையில் தின்ற இட்லி பாக்கியவதியின் சேலை மடியில் வந்து விழுந்தது. ருக்சானா வாளியோடு ஓடிவந்தாள். குனிந்து துடைத்துக்கொண்டே, நடைவழியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தை விட்டாள்.

"யக்கா, எனக்குப் பயமா இருக்கு. கூட்டிட்டுப் போயிருங்களேன்."

"சீட்டு தர மாட்டேங்காங்க."

"எனக்கும் சாவி தர மாட்டேங்காங்க யக்கா."

ருக்சானா வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாக்கியவதி மறுபடி அப் என்றாள். அப்போது ஆன்லின் தாயின் கழுத்தை எட்டிப் பிடித்து இழுத்தாள். காதுக்குள் சொல்ல நினைத்தாள் போலிருக்கிறது, ஆனால் குரல் பெரிதாக வந்துவிட்டது.

"எம்மா, வயித்த வலிக்கிம்மா. வயித்த வலிக்கி."

நடைவழித் திருப்பத்தில் திருமதி வேதமுத்துவின் குதிகால் செருப்புச் சத்தம் கேட்டது. டமிக்கே இந்தப் பாடு. பாக்கியவதியின் கை தானாக எழுந்து பிள்ளையின் வாயை மூடியது.

கொஞ்ச நேரம்தான். உள்ளங்கையில் பிள்ளையின் மூச்சு சுட்டது. அந்தச் சூட்டுக்குள்ளே சொல் இன்னும் அசைந்துகொண்டிருப்பதை அவள் கை உணர்ந்தது. கண்கள் மட்டும் கைக்கு மேலே பெரிதாக அவளைப் பார்த்தன. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் திருமதி வேதமுத்துவைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

கையை எடுத்தபிறகு ஆன்லின் அந்தச் சொல்லை மறுபடி சொல்லவில்லை. பாக்கியவதி அப் என்று சொல்லும்போது அப் என்றும், டமன் என்று சொல்லும்போது டமன் என்றும் சொன்னாள். இரண்டையும் சேர்க்கும்போது முகம் கோணியது. மதிய உணவு மணி அடித்தது. அதற்கும் பிறகு ஒரு தருணத்தில் முழங்கால்கள் மெல்லத் தளர்ந்து நீண்டன.

"நின்னுட்டும்மா," என்றாள் சன்னமாக. "வலி நின்னுட்டு."

"அப்டமன் சொல்லு பாப்போம்."

"அப்டமன்."

பிசிறில்லாமல் வந்தது. பாக்கியவதி கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். அதுவரை அழாதவள் அப்போது அழுதாள்.

குழு நடைவழிக்கே வந்துவிட்டது. அம்புரோஸ் பிள்ளையை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, வலியில் பாதி தவறான சொல்லால் வருவது என்று தான் நெடுநாளாகச் சந்தேகப்பட்டதாகவும், இன்று நிரூபணமாகிவிட்டதாகவும் சொன்னார். சாவி வந்தது. சிக் ரூம் திறந்தது. குளிர்ந்த காற்று வெளியே வந்தது. ஆனால் வலியில்லாத பிள்ளையைச் சிக் ரூமில் படுக்கவைப்பது விதிக்கு முரண் என்று திருமதி வேதமுத்து நினைவுபடுத்தியதால் கதவை மறுபடி மூடினார்கள்.

அசெம்பிளியில் ஆன்லினை ஒரு முக்காலியில் ஏற்றி நிறுத்தினார்கள். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. மேடைப் பயம் என்றார் வகுப்பாசிரியை. முன்பு நான் டமி என்று சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது அப்டமன் என்று சொல்கிறேன், நன்றி என்று பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னாள். பள்ளி முழுவதும் கைதட்டியது. பாக்கியவதி கைதட்டவில்லை, அவள் கையில் கைப்பேசி இருந்தது. வீடியோ எடுத்து, வேளாங்கண்ணி போகும் வழியில் இருந்த ஜாபேஸுக்கு அனுப்பினாள். அவன் உடனே பார்த்துவிட்டான். கட்டைவிரலைத் தூக்கிய மஞ்சள் கை ஒன்று வந்தது. அதைப் பார்த்தபோது பாக்கியவதிக்கு இருந்த மகிழ்ச்சி பொய்யில்லை. அவள் வாழ்க்கையில் அப்படிப்பட்ட மதியங்கள் அதிகம் இருந்ததில்லை.

பள்ளி விட்டு ஆட்டோவில் திரும்பும்போது, சமாதானபுரம் தாண்டும் முன்பே ஆன்லின் அவள் மடியில் சரிந்தாள். உடம்பு அனலாக இருந்தது. தூக்கி நிமிர்த்த வயிற்றில் கை கொடுத்தாள் பாக்கியவதி. வயிறு பலகைபோல இருந்தது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். எதுவும் கேட்காமல் வண்டியைப் பெரியாஸ்பத்திரிக்குத் திருப்பினார்.

அவசரப் பிரிவில் இருந்தவள் இளம் மருத்துவர். பிள்ளையின் தலையைத் தடவி, "எங்கனம்மா வலிக்கி? மாமிகிட்ட சொல்லு," என்றாள். ஆன்லின் மருத்துவரைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. மருத்துவர் வயிற்றில் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். பிள்ளையின் உடம்பு முழுவதும் வளைந்து எழுந்தது, தொண்டையிலிருந்து ஒரு காற்று மட்டும் வந்தது.

"அப்டமன், டாக்டர்," என்றாள் பாக்கியவதி.

"அது தெரியுதும்மா. எப்பத்துல இருந்து?"

"காலைல இருந்து. ஆனா மத்தியானமே நின்னுட்டு டாக்டர். நல்லா நின்னுட்டு. மேடையில ஏறிப் பேசுனா." கைப்பேசியை எடுத்தாள். வீடியோவைக் காட்டினால் மருத்துவருக்கு விளங்கும் என்று நினைத்தாள்.

மருத்துவர் வீடியோவைப் பார்க்கவில்லை. திரும்பி யாரையோ கூப்பிட்டுத் தியேட்டருக்குச் சொல்லச் சொன்னாள். கையுறையை மாட்டிக்கொண்டே பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"குடல்வால் வீங்கியிருந்துருக்கும்மா. அது வெடிச்சா வலி கொஞ்ச நேரம் நிக்கும். அதத்தான் நின்னுட்டுன்னு சொல்லுதீங்க. காலைலயே கொண்டாந்திருந்தா சின்ன வேல."

ஆன்லின் பிழைத்துக்கொண்டாள். வயிற்றைத் திறந்து, பரவியிருந்த சீழைக் கழுவி, ஒரு குழாயைப் பொருத்தித் தைத்திருந்தார்கள். சில நாள் கண்ணாடி அறைக்குள் இருந்தாள். வார்டுக்கு மாற்றிய அன்று குழு பார்க்க வந்தது. திராட்சையும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். ஜாபேஸ் தண்ணீர் வாங்கப் போயிருந்தான். அவன் இருந்திருந்தால் அவர்கள் அவனிடமிருந்து சில புதிய சொற்களைக் கற்றிருக்கக் கூடும். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து இடம் விட்டார்கள். தாளாளர் ஜெபம் செய்தார். பிறகு பாக்கியவதியைப் பார்த்துப் பேசினார். வார்டு பள்ளி வளாகம் இல்லை என்பதால் தமிழிலேயே பேசினார். அவருக்குத் தமிழ் நன்றாக வந்தது.

"ஒண்ணு நீங்க யோசிக்கணும்மா. டாக்டரம்மா கேட்டப்போ அப்டமன்னு சொன்னீங்களாமே. ஆன்லினோட சாட்சி அன்னைக்கே பலன் தந்துட்டு. டமின்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? குழந்தப் பேச்சுன்னு சிரப்பு குடுத்து அனுப்பியிருப்பாங்க. அந்த ஒரு வார்த்ததான் பிள்ளையக் காப்பாத்தியிருக்கு. ஆண்டு விழாவுல நீங்களே வந்து இதச் சொல்லணும்."

அம்புரோஸ் அடக்கத்தோடு தரையைப் பார்த்தார். திருமதி வேதமுத்து, பிள்ளை குணமாகி வரும்போது மூன்றாம் வகுப்பில் ஆங்கிலத் தூதர் என்ற பதக்கம் காத்திருக்கும் என்றார்.

பாக்கியவதிக்குச் சொல்ல நிறைய இருந்தது. எந்தச் சொல்லில் தொடங்குவது என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோதே வாய் திறந்து, "தேங்க்யூ சார்," என்றது. அவர்கள் திருப்தியோடு போனார்கள்.

அதன்பிறகு நர்ஸ் பாலம்மாள் கட்டுப் பிரிக்க வந்தாள். தடித்த கைகளும் உரத்த குரலும் உள்ளவள். இந்த வார்டில் கட்டுப் பிரிக்கும் நேரத்தில் சத்தம் சாலைவரை கேட்கும், அவளுக்கு அது பழக்கம். ஆனால் இந்தக் கட்டிலில் மட்டும் சத்தம் இல்லை. குழாயைச் சுற்றியிருந்த பஞ்சை எடுக்கும்போது பிள்ளையின் கைவிரல்கள் விரிப்பைப் பற்றிக்கொண்டன, கண்ணீர் காதுக்குள் வழிந்தது, உதடுகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு மூடியிருந்தன. பார்வை தாயின் மேலேயே இருந்தது.

பாலம்மாள் கையை நிறுத்தினாள். பிள்ளையைப் பார்த்தாள், பாக்கியவதியைப் பார்த்தாள்.

"நேத்தும் இப்படித்தான் கெடந்தா. வலிய அடக்கி வச்சா காய்ச்சல் ஏறும். நீங்க நிக்கும்போது வாயத் தொறக்க மாட்டேங்கா. செத்த வெளிய நில்லுங்க."

"நான் அவ அம்மா."

"தெரியுது. வெளிய நில்லுங்க."

பாக்கியவதி நடைவழிக்கு வந்தாள். கதவு தானாக ஆடி மூடிக்கொண்டது. பாலம்மாள் ஏதோ சொல்வதும், டிரேயில் கத்தரி விழுவதும் கேட்டன. பிறகு ஆன்லினின் குரல் கிளம்பியது. இத்தனை நாளும் அது எங்கே இருந்ததோ. வலிக்கி, வயித்த வலிக்கி, எடுக்காதீங்க, எரியுது, குத்துது, வலிக்கி என்று சுவர் அதிரக் கத்தினாள். எல்லாம் தமிழில் கத்தினாள். பாக்கியவதி சொல்லிக்கொடுக்காத சொற்களும், வீட்டிலிருந்து அவள் எடுத்தெறிந்த சொற்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன.

நடைவழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர், "உங்க பிள்ளையாம்மா அழுது? போய்ப் பக்கத்துல நில்லுங்க," என்றார்.

பாக்கியவதி கதவில் கை வைத்தாள். உள்ளே போனால் பிள்ளை நிறுத்திவிடும். கையை எடுத்துக்கொண்டு, வெளியிலேயே நின்றாள்.